கரைவலைப் பாட்டை வெட்டி ஒட்டுதல்

முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி தனுஷ்கோடி போகிற ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, ஊர்க்காரர்களுக்கு அது பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். போன மாசியில் இரண்டு நாள் அங்கே கரைவலை, அதாவது இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இழுக்கும் வலை, இழுப்பவர்கள் இழுத்துக்கொண்டே பாடும் அம்பாப் பாட்டைப் பதிவு செய்தேன். ஒரு நாள் பெண்கடல் கரை, மறுநாள் ஆண்கடல் கரை. மொத்தம் மூன்று மணி நேரம் தேறியது. அதை 12 நிமிடமாகச் சுருக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் இப்படி ஒரு வேலையை முதன்முதலாகச் செய்தபோது நான்கு ராத்திரி போனது. இந்த முறை ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. கணினி அதே பழைய கணினிதான், விரல்களுக்கும் புதிதாக வேகம் வந்துவிடவில்லை. மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று புரிந்ததுதான் வித்தியாசம்.

மைக்கில் விழும் காற்றழுத்தத்தை ரெக்கார்டர் வினாடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது. சாம்பிள் எனப்படும் ஒவ்வோர் எண்ணும் 24 பிட், அதாவது 3 பைட். ஸ்டீரியோ என்றால் இரண்டு வரிசை. கணக்குப் போட்டால் மூன்று மணி நேரத்துக்கு 3 ஜி.பி.க்கும் கொஞ்சம் மேலே வரும். அந்தக் கோப்பின் நடுவிலிருந்து ஓர் இருமலை நிஜமாகவே அறுத்து எடுப்பதென்றால், அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை எண்களையும் முன்னால் நகர்த்தி எழுத வேண்டும். கோப்பை நேரடியாகத் திருத்தும் பழைய மென்பொருள்கள் பல அப்படித்தான் செய்தன. ஒரு வெட்டு வெட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். தப்பாக வெட்டியிருந்தால் இன்னொரு டீ.

இன்றைய எடிட்டிங் மென்பொருள்கள் பெரும்பாலும் கோப்பைத் தொடுவதே இல்லை. அவை வைத்திருப்பது ஒரு பட்டியல்: ‘இந்தக் கோப்பில் 14-வது நிமிடத்தில் ஆரம்பித்து 22 வினாடி எடு, அதை டைம்லைனில் இந்த இடத்தில் வை.’ திரையில் ஒரு கிளிப்பாகத் தெரிவது அந்தப் பட்டியலின் ஒரு வரி. நான் பயன்படுத்தும் ரீப்பர் என்ற எடிட்டிங் மென்பொருளில் எஸ் விசையைத் தட்டினால் கிளிப் இரண்டாகிறது. உண்மையில் நடந்தது ஒரு வரி இரண்டு வரியானது மட்டும்தான், சில பைட்டுகளுக்கு மேல் எதுவும் எழுதப்படவில்லை. கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வெட்டிப்போட்டது திரும்ப வரும். ஆடாசிட்டி என்ற இன்னொரு மென்பொருள் 2000-த்திலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, நம் ஊரில் நிறையப் பேர் அதில்தான் பழகினோம். ஆனால் ஓரத்தை இழுத்து மீட்கும் இந்த வசதி அதில் 2021-ல் வந்த 3.1 பதிப்பில்தான் சேர்ந்தது. பட்டியல் என்று புரிந்த நாளில் கை நடுக்கம் போய்விட்டது. சரியான இடம் எது என்று ஐந்து நிமிடம் யோசித்து வெட்டிக்கொண்டிருந்தவன், முதலில் குத்துமதிப்பாக வெட்டி, கேட்டுவிட்டு, ஓரத்தை நகர்த்த ஆரம்பித்தேன். வேகத்தில் பாதி அதிலேயே வந்துவிட்டது.

மீதியைத் தந்தது கண்ணை நம்பாமல் இருப்பது. முழுப் பதிவையும் திரையில் விரித்தால் மூன்று மணி நேரம் 1,920 புள்ளிகளுக்குள் அடைபடுகிறது. ஒரு புள்ளிக்கு ஐந்தரை வினாடிக்கு மேல், எண்ணிக்கையில் 2,70,000 சாம்பிள். இவ்வளவையும் ஒவ்வொரு தடவையும் படித்து வரைய முடியாது என்பதால், மென்பொருள் முன்கூட்டியே ஒவ்வொரு சிறு கூறிலும் உள்ள உச்சத்தையும் தாழ்வையும் மட்டும் குறித்துத் தனியாக ஒரு கோப்பில் வைத்துக்கொள்கிறது. நாம் பார்ப்பது அந்தச் சுருக்கத்தைத்தான். கயிற்றின் ஒரு இழுப்பு முழுதாக ஒரு புள்ளிக்குள் காணாமல் போகும். யாரோ ரெக்கார்டர் பக்கத்தில் செருப்பைத் தட்டிய ஒற்றைச் சத்தம், அரை நிமிட அருமையான பாட்டைவிட உயரமாக நிற்கும்.

அதனால் முதல் சுற்றில் எதையும் வெட்டுவதில்லை. ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே குறி வைப்பதோடு சரி. ரீப்பரில் எம் விசை, ஆடாசிட்டியில் கன்ட்ரோலும் எம்மும். நிறுத்தக் கூடாது, பின்னால் போகக் கூடாது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் மூன்று மணி நேரம் இரண்டாகிறது. சுருதி ஏறாமல் வேகத்தை மட்டும் கூட்டும் வசதி உண்டு. ஒலியைச் சில பத்து மில்லி வினாடித் துண்டுகளாக்கி, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி நெருக்கி அடுக்குகிறார்கள். குரல் கொஞ்சம் கரகரக்கும், குறி வைக்க அது போதும். குறிக்குப் பெயர் வைப்பதுதான் முக்கியம். என் குறிகள் ‘நல்ல எடுப்பு’, ‘ஐலசா பலமா’, ‘லாரி’, ‘சிரிப்பு’ என்று இருக்கும். ‘சிரிப்பு’ என்பது கயிறு வழுக்கி ஒருவர் மணலில் உட்கார்ந்துவிட்ட இடம். பாட்டு அறுந்து எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வேண்டாம் என்று தள்ளிவைத்தேன்.

இனி ஒட்டு. ஒலி அலை பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் போய்வரும் கோடு. அது மேலே இருக்கும்போது வெட்டி, கீழே இருக்கும் இன்னொரு துண்டோடு ஒட்டினால், ஸ்பீக்கரின் கூம்பு ஒரே சாம்பிள் நேரத்தில் அங்கிருந்து இங்கே தாவ வேண்டும். திடீர்த் தாவலில் எல்லா அதிர்வெண்களும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். காதுக்கு அது ‘டிக்’. கோடு பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டு என்பார்கள். ஆடாசிட்டியில் இசட் விசை அந்த இடத்தைத் தேடித் தரும். பாதி மருந்துதான் இது. ஒரு துண்டு ஏறுமுகமாகவும் மற்றது இறங்குமுகமாகவும் கடந்தால் ஒட்டு முறிந்தே கேட்கும். ஸ்டீரியோவில் இடதும் வலதும் ஒரே கணத்தில் பூஜ்ஜியத்தைக் கடப்பதும் அபூர்வம். பூஜ்ஜியத்தைத் தேடித் தேடியே என் பழைய நான்கு ராத்திரியில் ஒன்று கழிந்தது.

கிராஸ்ஃபேட் அதைவிட எளிது: ஒன்று தேய, மற்றது வளர, சில மில்லி வினாடி இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். காந்த நாடாக் காலத்திலேயே இது இருந்தது. கால் அங்குல நாடாவைப் பிளேடால் நேராக வெட்டாமல் 45 டிகிரி சாய்த்து வெட்டுவார்கள். வினாடிக்கு 38 செ.மீ. ஓடும் நாடாவில் அந்தச் சாய்வு ஏறத்தாழ 17 மில்லி வினாடி கலப்பைத் தந்தது. பிளேடின் சாய்வு இன்று ஒரு வளைகோடாகிவிட்டது. எந்த வளைகோடு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் குரலின் இரண்டு துண்டுகள் ஒன்றுபோல ஏறி இறங்கினால், நடுவில் இரண்டையும் பாதிப் பாதியாக வைத்தால் சரியாக ஒன்று வரும். கடல் இரைச்சல் அப்படியில்லை. ஒரு துண்டின் அலைக்கும் மறு துண்டின் அலைக்கும் சம்பந்தமே கிடையாது. பாதியும் பாதியும் சேர்த்தால் வருவது 0.7 மட்டும்தான், 3 டெசிபெல் குறைவு. கடல் ஒரு நொடி மூச்சை இழுத்துப் பிடித்தது போல ஒரு பள்ளம் கேட்கும். இரைச்சலுக்கு ஆற்றல் சமமாக இருக்கும் வளைகோட்டைப் போட வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் ‘ஈக்வல் பவர்’ என்று அது இருக்கிறது.

அம்பாவில் ஒட்டுப்போட இயற்கையே இடம் தருகிறது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஐலசா’ என்று சேர்ந்து கயிற்றை இழுப்பார்கள். அந்தச் சத்தம் எழும்புவதற்குச் சற்று முன்னால் ஒட்டு விழுந்தால் காது பிடிக்காது. பலத்த ஒலி தனக்கு முன்னால் ஏறக்குறைய 20 மில்லி வினாடிக்குள் வந்த மெல்லிய ஒலியையும், பின்னால் 100 மில்லி வினாடிக்கு மேலும் மறைத்துவிடும். மூளை ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்துத்தான் தீர்மானிக்கிறது என்பதால் முன்னால் வந்ததும் மறைகிறது. ரீப்பரில் டேப் விசையை அழுத்தினால் கர்சர் அடுத்த திடீர் எழுச்சிக்குத் தானே தாவும். டேப், எஸ், டேப், எஸ். இழுப்பு இழுப்பாகப் பிரிந்துவிடும். மவுசைத் தொட வேண்டியதில்லை.

வெட்டிய இடைவெளியை மூட ரிப்பிள் வசதி இருக்கிறது: ஒரு துண்டை எடுத்தால் பின்னால் உள்ளதெல்லாம் தானே முன்னே வரும். நான் இரண்டு ரெக்கார்டர் வைத்திருந்தேன், வலையின் இரு முனைக்கும் ஒன்றாக. ஒரு ரெக்கார்டரின் ட்ராக்குக்கு மட்டும் ரிப்பிளைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் வேலை பார்த்தேன். மேற்குமுனை ஆட்கள் கிழக்குமுனை ஆட்களுக்கு 22 வினாடி கழித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். பட்டியல் என்பதால் பிழைத்தேன்.

சரியாகப் பொருத்தினாலும் இரண்டு ரெக்கார்டரும் முழுக்க ஒத்துப்போகாது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இழுப்பு தொடங்கும்போது இரு முனையும் 100 மீட்டர் தள்ளியிருந்தால், இந்தப் பக்கக் குரல் அந்தப் பக்க மைக்கில் 0.3 வினாடி கழித்துத்தான் விழும். வலை நெருங்க நெருங்க ஆட்களும் நெருங்குவார்கள், மீன் சேரும் பையான மடி கரையேறும்போது தாமதம் அநேகமாக இல்லாமலே போகும். ஒரு தடவை கைதட்டிப் பொருத்தினால் போதும் என்பது ஸ்டுடியோவுக்குச் சரி. இதுபோக, கருவிக் கடிகாரங்களுக்குள் 10 லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி வினாடி விலகிவிடும். நான் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் புதிதாகப் பொருத்தினேன், மீதியை விட்டுவிட்டேன். தூரத்துக் குரல் தாமதமாக வந்தால்தான் கரை கரையாகக் கேட்கிறது.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே சீராக ஓடும் டீசல் எஞ்சினின் முனகலை மென்பொருள் ஓரளவு துடைக்கும், மாதிரி காட்டினால் அந்த அதிர்வெண்களைப் பிடித்து இறக்கிவிடும். மைக்கின் சவ்வில் காற்று மோதுவது நொடிக்கு நொடி மாறும், அதற்கு மாதிரி கிடையாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டினால் உறுமல் குறையும், அவ்வளவுதான். ரோமம் வைத்த உறையைக் கரையிலேயே மைக்குக்கு மாட்டுங்கள், இரண்டு மணி நேர எடிட்டிங் மிச்சம்.

பன்னிரண்டு நிமிடமும் முடிந்ததும் பாம்பனில், பாட்டை எடுத்துக் கொடுத்த பெரியவரிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். எட்டாவது நிமிடத்தில் கையைத் தூக்கினார்.

“தம்பி, இது பெண்கடல்ல இழுத்தது. நடுவுல ரெண்டு இழுப்பு மட்டும் ஆண்கடல் எப்புடி வந்துச்சு?”

ஒட்டில் டிக் இல்லை, பள்ளம் இல்லை, இழுப்புக்கு முன்னால் சரியாக விழுந்திருந்தது. பலமான ‘ஐலசா’ வேண்டுமே என்று மறுநாள் பதிவிலிருந்து இரண்டு இழுப்பைச் சொருகியிருந்தேன். எனக்கு இரண்டும் கடல் சத்தம். அவருக்கு ஒன்றில் அலை மடங்கி விழுந்தது, மற்றதில் கரையை நக்கிவிட்டுப் போனது.

“நான்தான்யா மாத்தி வச்சேன்” என்றேன்.

“அதான பாத்தேன்.”

மடிக்கணினியை அவர் வீட்டுத் திண்ணையிலேயே திறந்து, சொருகிய இரண்டையும் எடுத்துவிட்டு, முதல் நாள் குறிகளில் தேடினேன். அவ்வளவு பலமான இழுப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ‘சிரிப்பு’ குறிக்கு முன்னால். கிளிப்பின் ஓரத்தை இழுத்தேன். இழுப்பு வந்தது, தொப்பென்று மணலில் விழுந்த சத்தம் வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது. சிரிப்புக்கு முன்னால் ஓரத்தை நிறுத்தப் போனேன்.

“இருக்கட்டும்யா” என்றார்.