பெட்டி மீனுக்குக் கவசம் இருக்கிறது, ஆனாலும் அதைப் பயமுறுத்தாதீர்கள்

கடல்நீர் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். ஒருநாள் காலையில் ஒரு வீட்டிலிருந்து பதறிப்போய் அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் ஒன்பது மீன்கள் செத்து மிதக்கின்றன. மீன்கழிவில் உண்டாகும் அம்மோனியா, உப்பு இவற்றின் அளவெல்லாம் சரியாகவே இருந்தன. நீர்மட்டத்தில் லேசாக நுரை. பம்ப் உறிஞ்சும் வாயில் மஞ்சள் பெட்டி மீன் ஒன்று ஒட்டிக் கிடந்தது. அதற்கும் உயிரில்லை.

பெட்டி மீனின் செதில்கள் அறுகோண எலும்புத் தகடுகளாகத் தடித்து, ஒன்றோடொன்று இணைந்து, ஒரே ஓடாக இறுகிவிடுகின்றன. வாய், கண், செவுள், துடுப்பு, வால் இவற்றுக்கு மட்டும்தான் திறப்பு. மற்ற மீன்களைப் போல் உடலை வளைத்து நீந்த அதற்கு வழியில்லை. துடுப்புகளைப் படபடவென அடித்தே நகரும். நின்ற இடத்திலேயே திரும்புவதில் கெட்டிக்கார மீன், ஆனால் வேகம் குறைவு. பம்ப் இழுக்கும் இழுப்பை எதிர்த்து நீந்த அதற்குத் தெம்பு போதவில்லை.

ஓட முடியாத மீனுக்கு ஓடு மட்டும் போதாதே! பயந்தாலோ அடிபட்டாலோ தோலிலிருந்து வழுவழுப்பாக ஒரு நஞ்சைக் கசியவிடும். ஆஸ்ட்ராசிடாக்சின் என்பார்கள். சோப்பைப் போல நுரைக்கும் தன்மை கொண்டது. மற்ற மீன்களின் செவுளைத் தாக்கும், ரத்த அணுக்களைச் சிதைக்கும். திறந்த கடலில் அது கரைந்து போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? அதே தண்ணீர்தானே சுற்றிச் சுற்றி வருகிறது. கடைசியில் கக்கிய மீனையே கொன்றுவிடும்.

மஞ்சள் பெட்டி மீன் செங்கடல் தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறைகளில் வாழ்கிறது. குஞ்சுகள் பவள இடுக்குகளில் ஒளிந்திருக்கும். வளர்ந்தவை பெரும்பாலும் தனியாகத் திரிந்து பாசி, கடற்பஞ்சு, சிப்பி, புழு என்று மேயும். விற்பனைக்கு வருவது நகத்தளவுக் குஞ்சு. பளீரென்ற மஞ்சளில் கறுப்புப் புள்ளிகள், யாருக்கும் ஆசை வரும். அது 45 சென்டிமீட்டர் வரை வளரும், அந்த மஞ்சளும் மங்கிவிடும் என்பதைப் பலரிடம் யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் வீட்டுத் தொட்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கடிக்கும் மீன்களோடு விடாதீர்கள். பம்ப் வாய்க்கு வலை கட்டுங்கள். இடம் மாற்றும்போது வலையால் துரத்தாமல், தண்ணீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்தைச் சாய்த்து மெல்ல உள்ளே விடுங்கள். மீன்கள் திடீரென மூச்சுக்குத் திணறினால் காத்திருக்கக் கூடாது. மற்ற மீன்களை உடனே வேறு கடல்நீருக்கு மாற்றிவிட்டு, அப்புறம் தொட்டி நீரை மாற்றி, வடிகட்டியில் நஞ்சை உறிஞ்சும் கார்பனைப் புதிதாகப் போடுங்கள்.

முக்குளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெதுவாக நீந்துகிறதே என்று படத்துக்காகக் கையில் பிடிக்காதீர்கள். இரண்டு கை தூரத்தில் அசையாமல் மிதந்தால், அதுவே திரும்பி உங்களைப் பார்க்கும்.