டிபென்டென்சி: சார்பா, சார்பிடமா?

லினக்ஸில் ஏதேனும் ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னால், ‘இவற்றையும் சேர்த்து நிறுவ வேண்டியிருக்கிறது’ என்று ஒரு பட்டியல் வரும். அதில் உள்ள ஒவ்வொன்றும் டிபென்டென்சி. அதாவது, கேட்ட பொதி (பேக்கேஜ்) ஓடுவதற்கு முன்பே கணினியில் இருந்தாக வேண்டிய வேறொரு பொதி. படம் திருத்தும் செயலியை எழுதுகிறவர் ஜேபெக் கோப்பை விரித்துப் படிக்கும் நிரலையும் தானே எழுதிக்கொண்டிருக்க மாட்டார். அதற்கென்று உள்ள நிரலகத்தை (லைப்ரரி) அழைத்துக்கொள்வார். அந்த நிரலகம் இருக்கிறதா, வேண்டிய பதிப்புதானா, இல்லையென்றால் எங்கிருந்து இறக்குவது என்பதையெல்லாம் பொதி மேலாளர் பார்த்துக்கொள்ளும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஆப்ட், ஃபெடோரா என்ற வகையில் டிஎன்எஃப், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு என்பிஎம், பைத்தானுக்கு பிப்.

(பேக்கேஜைத் ‘தொகுப்பு’ என்பாரும் உண்டு. ஆனால் கம்பைலர் ‘தொகுப்பி’, டேட்டா செட் ‘தரவுத்தொகுப்பு’ என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பொதிமாட்டின் முதுகில் ஏற்றிய ‘பொதி’ குழப்பம் தராது.)

இனி சொல்லின் வேர். இலத்தீனில் ‘பெண்டேரே’ என்றால் தொங்குதல். ‘டே’ முன்னொட்டு சேர்ந்து ‘ஒன்றிலிருந்து தொங்குதல்’ ஆயிற்று. பென்டுலமும் பென்டன்ட்டும் இதே வேரில் பிறந்தவை. ஆக, டிபென்டென்சி என்பது முறைப்படி தொங்கும் பொருளைக் குறிக்க வேண்டும், அதைத் தாங்கும் ஆணியை அல்ல. ஜெர்சி, கெர்ன்சி, மான் தீவு மூன்றையும் பிரிட்டிஷ் முடியின் ‘டிபென்டென்சி’ என்கிறார்களே, அங்கே சொல் சரியான திசையில் நிற்கிறது: தீவுகள்தாம் முடியைச் சார்ந்தவை. மென்பொருளில் திசை புரண்டுவிட்டது. இங்கே தாங்கும் பொருளுக்குத்தான் டிபென்டென்சி என்று பெயர்.

‘சார்பு’ என்று மொழிபெயர்க்கும்போது இந்தப் புரட்டு நம்மைத் தடுக்கிவிடுகிறது. தமிழ் இலக்கணத்தில் சார்பெழுத்து என்றால் தனித்து நில்லாமல் பிற எழுத்துகளைச் சார்ந்து வருவது. தொல்காப்பியம் சொல்லும் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றும் அப்படிப்பட்டவை. எனவே ‘சார்புப் பொதி’ என்று எழுதினால், தமிழறிந்தவர் சார்ந்து நிற்கும் பொதியைத்தான் நினைப்பார். நாம் சொல்ல வந்ததோ சாரப்படும் பொதியை. இன்னொரு இடறலும் உண்டு. பள்ளிக் கணிதத்தில் ஃபங்ஷனுக்கே சார்பு என்றுதான் பெயர். நிரலாக்கக் கட்டுரை ஒன்றில் ‘இந்தச் சார்பு கிடைக்கவில்லை’ என்றால் எதைத் தேடுவது?

ஆகவே உறவுக்குச் ‘சார்பு’, சாரப்படும் பொதிக்குச் ‘சார்பிடம்’, சார்ந்து நிற்பதற்குச் ‘சார்பொதி’ என்று பிரித்துக்கொள்வது நல்லது. ‘சார்பிடம் இல்லை’ என்ற பிழைச்செய்தியில் ஐயத்துக்கு இடமில்லை.

சார்பு எல்லாம் ஒரே தரமும் அல்ல. டெபியன் பொதியின் விவரங்களைச் சொல்லும் கட்டுப்பாட்டுக் கோப்பில் ‘டிபென்ட்ஸ்’ கட்டாயச் சார்பு. ‘ப்ரீ-டிபென்ட்ஸ்’ முன்சார்பு: பொதியைப் பிரிக்கத் தொடங்கும் முன்பே சார்பிடம் நிறுவி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். ‘ரெக்கமெண்ட்ஸ்’ பரிந்துரை, ‘சஜஸ்ட்ஸ்’ வெறும் யோசனை. ஆப்ட் பரிந்துரைகளையும் சேர்த்தே நிறுவும், யோசனைகளை விட்டுவிடும். செயலியை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கட்டிவைக்கும் கன்டெய்னர் இமேஜைச் சிறிதாக்கப் பரிந்துரைகளை நிறுத்திவைக்கிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் டபிள்யூகெட் நிறுவப்படும், ஆனால் எச்டிடிபிஎஸ் முகவரி எதையும் திறக்காது, சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லும். சான்றிதழ்ப் பொதி டபிள்யூகெட்டின் பரிந்துரைப் பட்டியலில்தான் இருக்கிறது, கட்டாயப் பட்டியலில் இல்லை. அதைப் பெயர் சொல்லி நிறுவினால் தீரும்.

இன்னொரு வழக்கமான சிக்கல், இறக்கிய டெப் கோப்பை (டெபியன் பொதியை) நேராக டிபிகேஜியிடம், அதாவது ஆப்ட்டுக்கு அடியில் இருந்து பொதியை நிறுவும் கருவியிடம், கொடுப்பது. டிபிகேஜி சார்பிடம் இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, தேடிப் போய்க் கொண்டுவராது. கோப்புகளை விரித்துவிட்டு, அமைக்காமல் பாதியில் நிற்கும். அதே கோப்பை, பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் இட்டு, ஆப்ட்டிடம் கொடுத்தால் சார்பிடங்களைக் களஞ்சியத்திலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும்.

பொதி மேலாளரை எழுதுகிறவர்களுக்குத் தலைவலி பதிப்பு முரண். க என்ற பொதிக்கு ச-வும் த-வும் வேண்டும். ச-வுக்கு ப-வின் 1-ஆம் பதிப்பு, த-வுக்கு ப-வின் 2-ஆம் பதிப்பு. இதை வைரச்சார்பு என்பார்கள். என்பிஎம் இரண்டு பதிப்பையும் தனித்தனி அடைவில் வைத்துச் சமாளிக்கும். விலை, வீங்கிய வட்டு. பைத்தானில் ஒரு சூழலுக்கு ஒரே பதிப்புதான், ஆகையால் பிப் பழைய வெளியீடுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துப் பின்வாங்கும். நிறுவல் சில நேரம் முடிவில்லாமல் ஓடுவது போலத் தோன்றக் காரணம் அதுவே. எல்லா நிபந்தனைக்கும் பொருந்தும் கூட்டத்தைக் கண்டுபிடிப்பது என்பி-முழுமை வகைக் கணக்கு, அதாவது எப்போதும் வேகமாகத் தீர்க்கும் வழி தெரியாத கணக்கு. அதனால்தான் டிஎன்எஃப் அதற்கென்று எழுதப்பட்ட தருக்கத் தீர்ப்பான் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது.

சார்பு சுற்றி வந்து தன்னையே பிடிப்பதும் உண்டு: சுழற்சார்பு. டெபியனின் அடிப்படை சி நிரலகம் ஜிசிசி என்ற தொகுப்பியின் துணை நிரலகத்தைச் சார்ந்தது, அது மீண்டும் சி நிரலகத்தைச் சார்ந்தது. டிபிகேஜி இரண்டையும் முதலில் விரித்துவிட்டு, அமைவு நிரல் இல்லாத பொதி இருந்தால் அந்த இடத்தில் சுழலை அறுக்கும்.

சார்பிடத்தின் சார்பிடத்துக்கு ‘வழிச்சார்பு’ என்ற சொல் பொருந்தும். தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் மூலநிரல் எக்ஸ்இசட் சுருக்கு நிரலகத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் டெபியனும் ஃபெடோராவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சை, கணினியின் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் நிரலகத்தோடு இணைத்திருந்தன; சிஸ்டம்டி நிரலகமோ எக்ஸ்இசட்டைச் சார்ந்திருந்தது. எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைத்த பின்கதவு இந்த வழியாகத்தான் எஸ்எஸ்எச் சேவைக்குள் நுழைந்தது. உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைத் தோண்டிப் பார்த்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார்.

எதிர்த்திசைக் கேள்வியும் உண்டு: இந்தப் பொதியை யாரெல்லாம் சார்ந்திருக்கிறார்கள்? ஆப்ட்டின் ‘ஆர்டிபென்ட்ஸ்’ கட்டளை அந்தப் பட்டியலைத் தரும். ‘தலைகீழ்ச் சார்பு’ என்று எழுதப்படும் இதைச் ‘சார்பொதிப் பட்டியல்’ என்றாலே போதும். 2016 மார்ச் 22 அன்று என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரல் நீக்கப்பட்டபோது ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உருமாற்றும் பேபல் உட்படப் பலவற்றின் நிறுவல் முறிந்தது. அந்தப் 11 வரியின் சார்பொதிப் பட்டியல் அவ்வளவு நீளம்.