கால்கட்டு மருந்தல்ல

தன் கல்யாண ஓலை (சபையில் வாசிக்கப்படும் திருமண அறிவிப்பு) முதல் ஞாயிறு வாசிக்கப்பட்டபோது அந்த இளைஞர் பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்தார். தடை ஏதும் அறிந்தோர் தெரிவிக்கலாம் என்று குருவானவர் சொன்ன நொடியில், பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கிழித்துக்கொண்டே இருந்ததாக மறுநாள் என்னிடம் சொன்னார். தடையை அறிந்தவர்கள் அந்தக் கோயிலில் மூன்று பேர் இருந்தார்கள்: அவர், அவருடைய தாய், ஓலையை வாசித்தவர்.

பாளையங்கோட்டையில் மனநல மருத்துவராக இருக்கும் எனக்கு இது புதிதல்ல (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மகனுக்குத் தன்பாலீர்ப்பு இருப்பது தெரிந்ததும் நெல்லைச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பங்கள் முதலில் போவது குருவானவரிடம். பிறகு உபவாச ஜெபம். எதுவும் பலிக்காதபோதுதான் என்னிடம். அந்தத் தாய் கைப்பையிலிருந்து ஜெப எண்ணெய்க் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிரும்னு ஐயர் சொன்னாங்க டாக்டரம்மா. அதுக்குள்ள ஒரு மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க." (எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றே அழைப்போம்.)

அப்படி ஒரு மாத்திரை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோயல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது. மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரு பெண்களின் வழக்கில் 2021இல் ஆணை பிறப்பித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. தமக்கு இந்தப் பொருள் விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளர் முன் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே அந்த நீதிபதி ஆணை எழுதினார் என்பதை எங்கள் குருமார்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு.

வேதம் என்ன சொல்கிறது என்ற வாதத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. லேவியராகமம் 18:22, ரோமர் 1ஆம் அதிகாரம், 1 கொரிந்தியர் 6:9 ஆகியவற்றை எல்லாக் காலத்துக்குமான தடையாகப் படிப்போரும் உண்டு; அக்காலத்துச் சுரண்டல் உறவுகளைக் குறித்த கண்டனமாகப் படிப்போரும் உண்டு. நம் பழைய தமிழ் வேதாகமம் அந்தக் கொரிந்தியர் வசனத்தில் "சுயபுணர்ச்சிக்காரர்" என்று தந்திருக்கும் கிரேக்கச் சொல்லை மற்ற மொழிபெயர்ப்புகள் வேறு விதமாகத் தருகின்றன என்பதிலிருந்தே, ஒரு சொல்லை வைத்து ஒரு பிள்ளையை வீட்டைவிட்டு விரட்டுவது எவ்வளவு அவசரமான செயல் என்பது எனக்கு விளங்குகிறது.

ஆனால் கண்டிப்பான பக்கத்தில் நிற்போரும்கூடக் கல்யாணத்தை மருந்தாகச் சொல்லவில்லை என்பதை நம் சபைகள் கவனிக்கவே இல்லை. தன்பாலினச் செயல்களை ஏற்காத கத்தோலிக்க மறைக்கல்வி நூல், 2358, 2359ஆம் எண்களில் இவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்கச் சொல்லி, கற்புநெறி வாழ்வுக்கே (உடலுறவைத் தவிர்த்த வாழ்வுக்கே) அழைக்கிறது. 1998இல் லாம்பெத் மாநாட்டில் கூடிய உலக ஆங்கிலிக்கன் சபைகளின் பேராயர்கள், அச்செயல்கள் வேதத்துக்கு ஒவ்வாதவை என்று தீர்மானித்த அதே இடத்தில், திருமணத்துக்கு அழைக்கப்படாதவர்கள் உடலுறவிலிருந்து விலகி வாழ்வதே சரி என்றும், தன்பாலீர்ப்புள்ளோரின் அனுபவத்துக்குச் செவிகொடுப்போம் என்றும் எழுதிவைத்தார்கள். ஆக, "கால்கட்டு" என்பது மருத்துவத்திலும் இல்லை, உபதேசத்திலும் இல்லை; ஊர்வாய்க்கு அஞ்சி நாமே கட்டிக்கொண்டது.

அதன் விலையைக் கொடுப்பவள் பெரும்பாலும் வேறொரு வீட்டுப் பெண். திருமணமாகி இரண்டாண்டு கழிந்து என்னிடம் வந்த ஒருத்தியை, ஒவ்வொரு கூட்டத்திலும் முன்னே அழைத்து, பிள்ளை வரம் கேட்டுத் தலையில் கைவைத்து ஜெபித்திருக்கிறார்கள். கணவர் அவளைத் தொட்டதே இல்லை. யாரிடம் சொல்வாள்? தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பி, அவள் உண்பதையே பாதியாகக் குறைத்திருந்தாள்.

குருமார்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. தனியே சொல்லப்பட்டது தனியே இருக்கட்டும். "ஒரு தம்பிக்காக விசேஷமாய் ஜெபியுங்கள்" என்று வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் போடும் ஒரு வரி போதும், சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகள்) முழுவதும் ஆள் யார் என்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடும். பாவ அறிக்கையிடச் சொல்லிச் சபை முன் நிறுத்தாதீர்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஜெபத்தோடு நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். மாப்பிள்ளை தயங்குகிறார் என்று தெரிந்தால் ஓலையை வாசிக்காதீர்கள்.

அந்த இளைஞரின் சம்மதத்தோடு குருவானவரைத் தொலைபேசியில் அழைத்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "பெண் வீட்டாரிடம் என்ன காரணம் சொல்ல?" என்றார். மாப்பிள்ளைக்குச் சம்மதமில்லை என்பதே போதிய காரணம் என்றேன். இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. மகன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறார். தாய் மாதம் ஒருமுறை வருகிறார். தூங்குவதற்கான மாத்திரையை அவருக்குத்தான் எழுதிக்கொடுக்கிறேன்.