ஊராட்சித் தலைவர் மீது புகார்: விசாரணையில் எது நிற்கும், எது விழும்

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், ஊராட்சித் தலைவர்கள் மீதான மனுக்கள் தவறாமல் வந்து சேரும். "எங்கள் தலைவர் லட்சக்கணக்கில் ஊழல் செய்துவிட்டார், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்" என்று இரண்டு வரியும், அதன் கீழே நாற்பது கையெழுத்தும் கைநாட்டும் இருக்கும். ஊரக வளர்ச்சித் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, அதில் கணிசமான காலத்தை இத்தகைய மனுக்களை விசாரிப்பதிலேயே செலவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நாற்பது கையெழுத்துகளைவிட, மனுவில் ஒரே ஒரு பணியின் பெயரும் தொகையும் ஆண்டும் எழுதப்பட்டிருப்பது விசாரணை அலுவலருக்கு ஆயிரம் மடங்கு உதவும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை என்பது வேறு, கோப்பில் நிற்கும் உண்மை என்பது வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கத் தெரியாததால்தான் நியாயமான புகார்கள் பல "மேல்நடவடிக்கை தேவையில்லை" என்ற குறிப்போடு முடிந்துபோகின்றன.

முதலில் யாரிடம் போவது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வீட்டு வரைபட அனுமதிக்கோ குடிநீர் இணைப்புக்கோ தலைவர் பணம் கேட்கிறார் என்றால், அது ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தின் வேலை. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியரே. பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே அங்கே செல்ல வேண்டும்; கொடுத்துவிட்டு வந்து அழுபவர்களுக்காக யாராலும் பெரிதாக எதுவும் செய்ய இயலாது. உள்ளாட்சி அமைப்புகள் மீதான ஊழல், முறைகேட்டுப் புகார்களை விசாரிக்கவென்றே முறைமன்ற நடுவத்தை (ஆம்புட்ஸ்மேன்) உருவாக்கும் சட்டமும் 2014இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. ஆனால் ஊராட்சி நிதியைத் தவறாகக் கையாண்டது, சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாதது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது ஆகியவற்றுக்காகத் தலைவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டுமானால், அந்த அதிகாரம் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடமே இருக்கிறது. அதற்கான வழி 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு.

இந்தப் பிரிவைப் பொதுமக்கள் மட்டுமல்லாமல் வார்டு உறுப்பினர்கள்கூடப் படித்திருப்பதில்லை. ஆட்சியர் தாமாகவே நடவடிக்கையைத் தொடங்கலாம். அல்லது ஊராட்சியின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டுக் குற்றச்சாட்டுகளை எழுத்தில் தரும்போது தொடங்கலாம். எப்படித் தொடங்கினாலும், குற்றச்சாட்டைத் திட்டவட்டமாகக் குறிப்பிட்டுத் தலைவருக்கு அறிவிப்பு அனுப்பி, விளக்கம் பெற வேண்டும். விளக்கம் திருப்தியாக இருந்தால் அத்துடன் கைவிடலாம். திருப்தி இல்லையென்றால், நீக்குவதற்கான முன்மொழிவு வட்டாட்சியருக்குச் செல்லும். அவர் ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுத்து ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் நடத்தி, அறிவிப்பையும் விளக்கத்தையும் படித்துக் காட்டி, உறுப்பினர்களின் கருத்தைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். அந்தக் கூட்டத்தில் வட்டாட்சியர் குற்றச்சாட்டின் தகுதி குறித்துப் பேசவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது. அதன் பிறகே ஆட்சியர் முடிவெடுக்கிறார். அவரது உத்தரவை ரத்துசெய்யும் அதிகாரம் அரசுக்கு உண்டு.

சிலருக்கு இது வீண் இழுத்தடிப்பாகத் தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை. தேர்தலில் மக்கள் அமர்த்திய ஒருவரை ஓர் அதிகாரி கையெழுத்தால் இறக்குகிறார் என்னும்போது, ஒவ்வொரு படியிலும் அவர் நின்று யோசித்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவரை நீக்குவது அவரை மட்டுமல்லாமல் அவருக்கு வாக்களித்தவர்களின் உரிமையையும் பறிப்பதாகும் என்பதை, மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்திலிருந்து சென்ற ரவி யஷ்வந்த் போயிர் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதித்தாலும் நீதிமன்றத்தில் உத்தரவு ரத்தாகும். உண்மையிலேயே பணத்தைச் சுருட்டியவர்கூட மாலை மரியாதையோடு அலுவலகத்துக்குத் திரும்பி வருவார். அப்படித் திரும்பி வந்த ஒருவரின் வெடிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் மீதான குற்றச்சாட்டு உண்மையானது; ஆனால் அறிவிப்பில் "பல்வேறு முறைகேடுகள்" என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

குற்றச்சாட்டு எப்படி நிற்கும் என்பதற்கு ஒரு சிமெண்ட் சாலையைச் சொல்கிறேன். மனுதாரர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாநில நிதிக்குழு மானியத்தில் போடப்பட்ட தங்கள் தெருச் சாலை தரமில்லை என்று பொதுவாக எழுதாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பணியின் மதிப்பீடு, முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பட்டியல் (பில்) தொகை ஆகியவற்றின் நகல்களைப் பெற்று மனுவோடு இணைத்திருந்தார். அளவுப் புத்தகத்தில் நீளம் 160 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர் என்று இருந்தது. தலைவர், துணைத் தலைவர், ஊராட்சி செயலர், பணி மேற்பார்வையாளர், மனுதாரர் ஆகிய அனைவரையும் வைத்துக்கொண்டு டேப்பைப் பிடித்தோம். நீளம் 131 மீட்டரோடு நின்றது. அகலம் எங்கும் 2.80ஐத் தாண்டவில்லை. மூன்று இடங்களில் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தபோது, கனம் அதிகபட்சமாக 11 சென்டிமீட்டர் இருந்தது. பணம் எடுக்கப்பட்டது 72 கன மீட்டருக்கு. தரையில் கிடந்தது சுமார் 40 கன மீட்டர். அந்த அளவுகளை அங்கேயே, சாலையோரத் திண்ணையில் உட்கார்ந்து எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்திட மறுத்த ஒருவரின் பெயருக்கு எதிரே, "மறுத்தார்" என்று எழுதி, நேரத்தையும் குறித்து, மற்ற இருவரைச் சாட்சியாக்கினேன். பிறகு எத்தனை பேர் எப்படிப் பேசினாலும் அந்தக் காகிதம் மாறவில்லை.

இந்த இடத்தில் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். 160 மீட்டர் என்று அளவுப் புத்தகத்தில் எழுதியவர் தலைவர் அல்லர், பணி மேற்பார்வையாளர். அதைச் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டவர் பொறியாளர். ஊராட்சிக் கணக்கிலிருந்து காசோலை போகும்போது தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையெழுத்திடுகிறார்கள். ஆனாலும் பெரும்பாலான கோப்புகளில் தலைவர் ஒருவர் மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். அலுவலர்கள் மீதான துறை நடவடிக்கை தனிக் கோப்பாகப் பிரிந்து, மெல்ல ஆறிப்போகிறது. தலைவரைப் பதவியிலிருந்து நீக்கினால் புகார் தீர்ந்துவிட்டது என்று மனுதாரர்களும் நிறைவடைந்துவிடுகிறார்கள். இழந்த தொகையை யார் யாரிடமிருந்து எவ்வளவு தண்டத் தீர்வையாக வசூலிப்பது என்ற கேள்வியை மனுவிலேயே எழுப்புங்கள். அந்தக் கேள்வி எழுத்தில் இருந்தால் விசாரணை அறிக்கை அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி, மற்றொரு வகைப் புகார். ஒன்பது வார்டுகள் கொண்ட ஓர் ஊராட்சியில் ஏழு உறுப்பினர்கள் கையெழுத்திட்டுத் தலைவரை நீக்கக் கோரினார்கள். தலைவர் பட்டியலினத்தைச் சேர்ந்த பெண். சுழற்சி முறை இடஒதுக்கீட்டில் முதன்முறையாக அந்தப் பதவி அவர் சமூகத்துக்கு வந்திருந்தது. கூட்டமே நடத்துவதில்லை, பணிகள் முடங்கிக் கிடக்கின்றன, தெருவிளக்கு எரியவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். நான் விசாரணைக்குச் சென்றபோது அவர் தமது அலுவலகத்தில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்ன பிறகும் தயங்கினார். பிறகு ஒரு மஞ்சள் பையைத் திறந்து தபால் புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு மாதமும் கூட்டப் பொருள் அனுப்பிய தேதியும், வார்டு வாரியாக உறுப்பினர்களின் பெயரும், அவற்றுக்கு எதிரே சிலரது கையெழுத்தும், பலருக்கு நேராக "வாங்க மறுத்தார்" என்ற குறிப்பும் வரிசையாக இருந்தன. தீர்மானப் புத்தகத்தில் மாதந்தோறும் கூட்டம் கூட்டப்பட்டு, குறைவெண் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது பதிவாகியிருந்தது. துணைத் தலைவர் நான்கு மாதங்களாகக் காசோலைகளில் கையெழுத்திடவில்லை. மோட்டார் பழுது பார்த்தவருக்கும் விளக்கு வாங்கிய கடைக்கும் பணம் போகாததற்குக் காரணம் அதுதான். ஏழு கையெழுத்துக்கு எதிராக அந்த ஒரு தபால் புத்தகம் நின்றது. நான் அப்படியே அறிக்கை எழுதினேன், மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது.

இது ஏதோ ஓர் ஊரின் தனிக்கதை அன்று. 2020ஆம் ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியாகி வழக்குப் பதிவானது. அதே ஆண்டு சுதந்திர நாளன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியலினத் தலைவருக்குக் கொடியேற்றும் உரிமை மறுக்கப்பட்டு, பிறகு அதிகாரிகள் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். 2024ஆம் ஆண்டு சத்தீஸ்கரின் ஜஷ்பூர் மாவட்டத்தில், கட்டுமானப் பணிகள் தாமதமானதைக் காரணம் காட்டி நீக்கப்பட்ட ஓர் இளம் பெண் தலைவரின் வழக்கில், நீக்க உத்தரவை ரத்துசெய்த உச்ச நீதிமன்றம், அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்குமாறு மாநில அரசுக்கு உத்தரவிட்டது. புகாரில் எத்தனை பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் எண்ணுகிற அலுவலர், ஊரின் சாதிக் கணக்கையே அரசு முத்திரையிட்டுத் திருப்பித் தருகிறவராகிவிடுவார்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. பெண் தலைவர் பெயரளவில் இருக்க, கணவரோ மைத்துனரோ நாற்காலியில் அமர்ந்து ஆட்சி செய்யும் ஊராட்சிகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். விசாரணையில் "எனக்கு ஒன்றும் தெரியாது சார், அவர் காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன்" என்று அழுத தலைவியிடம், காசோலையில் இருப்பது உங்கள் கையெழுத்து, பொறுப்பும் உங்களுடையதே என்று சொல்வது எனக்கு எளிதாக இருந்ததில்லை. ஆனால் சட்டம் கையெழுத்தைத்தான் பார்க்கும். பெண் தலைவர்கள் ஒன்றை மட்டும் விடாமல் செய்ய வேண்டும்: வெற்றுக் காசோலையிலும் நிரப்பாத செலவுச் சீட்டிலும் எவர் சொன்னாலும், வீட்டிலுள்ளவரே சொன்னாலும், கையெழுத்திடக் கூடாது.

தலைவரின் காசோலை அதிகாரத்தை உடனே பறிக்க வேண்டும் என்றும் பலர் மனு கொடுக்கிறார்கள். 203ஆவது பிரிவின்படி ஆட்சியருக்கு அவசரகால அதிகாரம் உண்டுதான். ஆனால் குடிநீர் நின்றுபோகும் அளவுக்கு உண்மையான அவசரம் இருக்கும்போது பயன்படுத்த வேண்டிய அந்த அதிகாரத்தை, 205இன் நீண்ட வழிக்குக் குறுக்குவழியாகக் கையாண்ட வழக்குகள் பலவற்றில் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்திருக்கிறது.

மனு எழுதுபவர்களுக்கு நடைமுறையில் உதவும் சிலவற்றைச் சொல்கிறேன். மொட்டைக் கடிதத்தால் பயனில்லை. பெயரும் முகவரியும் இல்லாத மனுவின் பேரில் யாரை அழைத்து விசாரிப்பது? ஒரு மனுவில் இருபது குற்றச்சாட்டுகளை அடுக்குவதைவிட, ஆவணம் உள்ள மூன்றை எழுதுங்கள். நிரூபிக்க இயலாத பதினேழும் சேர்ந்து அந்த மூன்றையும் பலவீனமாக்கிவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நகல் பெறுவதற்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அதன் 2(j) பிரிவு உரிமை தருகிறது. கிராம சபையில் வரவு செலவு கேட்டு, அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவுசெய்ய வலியுறுத்துங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அந்த வாய்ப்பு வருகிறது. பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, மின்மோட்டார் பழுது ஆகிய மூன்று தலைப்புகளில் எழுதப்பட்ட செலவுகளை முதலில் கேளுங்கள். சாலையை அளந்து பார்க்கலாம். கரைந்துபோன பவுடரை அளக்க இயலாது என்பதால் கை நீளும் இடம் பெரும்பாலும் அதுவே.

தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டால் புகாரும் முடிந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பதவியில் இல்லாதவரை 205இன் கீழ் நீக்க வேண்டிய தேவை இல்லை என்பது உண்மை. ஆனால் தணிக்கைத் தடையும் (தணிக்கையில் எழுப்பப்பட்ட ஆட்சேபம்) இழப்பு வசூலும் குற்ற வழக்கும் பதவிக்காலத்தோடு மறைந்துவிடுவதில்லை. மறைந்துவிடக்கூடியவை பதிவேடுகள்தாம். பொறுப்பு ஒப்படைப்பின்போது எந்தெந்தப் பதிவேடுகள் கைமாறின என்ற பட்டியல் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் செலவுச் சீட்டுக் கோப்பும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், உங்கள் மனுவின் முதல் குற்றச்சாட்டு அதுவாக இருக்கட்டும்.