கொதிக்க வைத்தாலும் போகாது

போன கிழமை நெடுங்கேணிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பாடசாலைப் பற்சிகிச்சையாளர் எங்கள் சுகாதாரப் பணிமனைக்கு அனுப்பிய துண்டில் அந்த வீட்டுப் பையனின் பெயர் இருந்தது. ஒன்பது வயது. என்னைக் கண்டதும் சிரித்தான், உடனே கையால் வாயை மூடிக்கொண்டான். முன்பற்களில் குறுக்கே கபிலக் கோடுகள், ஓரங்களில் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளைத் திட்டுகள். வகுப்பில் 'வெத்திலைப் பல்லன்' என்று கூப்பிடுகிறார்களாம். இந்த வருடம் நான் பார்த்த எத்தனையாவது பிள்ளை இவன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

குழாய்க்கிணறு முற்றத்திலேயே நிற்கிறது. தாயிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "பச்சைத் தண்ணி குடுக்கிறேல்ல சேர். நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறனாங்கள்" என்றார். நான் குறை சொல்ல வந்ததாக நினைத்தாரோ என்னவோ, அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கேத்திலைத் திறந்து காட்டினார். அடியிலும் பக்கங்களிலும் வெள்ளைப் பொருக்கு, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. "பாருங்கோ, கெட்டதெல்லாம் இதிலயே படிஞ்சிடுது."

அந்தப் பொருக்கைக் காட்டித்தான் வன்னியில் பாதிப் பேர் என்னிடம் வாதாடுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது கல்சியம் காபனேற்று. தண்ணீரின் கடினத்தன்மையில் ஒரு பகுதி சூட்டில் பிரிந்து படிகிறது. அதில் நஞ்சு எதுவும் இல்லை. நஞ்சாகக்கூடியது கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரிலேயே நிற்கிறது. அதுதான் புளோரைட்டு, கல்லிலிருந்து தண்ணீரில் கரைவது. அளவுக்கு மிஞ்சினால், உருவாகும் பல்லில் அந்தப் பையனுக்கு வந்த கோடுகளையும் திட்டுகளையும் போடுவது அதுதான். புளோரைட்டு ஆவியாகாது, கேத்திலோடு ஒட்டாது, எவ்வளவு நேரம் கொதித்தாலும் போகாது. போகாதது மட்டுமா, கூடவும் செய்யும். பத்து லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு எட்டு லீற்றராக வற்றினால், லீற்றருக்கு 1.6 மில்லிகிராமாக இருந்த புளோரைட்டு 2 மில்லிகிராமாகும். நைத்திரேற்றும் அப்படித்தான். வயலுக்குப் போட்ட யூரியாவும் மலசலகூடக் குழியும் கிணற்றுக்குக் கொடுப்பது அதைத்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மாப்பால் கரைக்கும் தண்ணீரில் அது கூடினால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து. கிருமிக்கு மட்டும்தான். கடையில் வாங்கும் வடிகட்டிகளில் இருக்கும் வெள்ளை மெழுகுதிரி போன்ற குழாயும் புளோரைட்டைப் பிடிக்காது.

இன்னொரு வாதம், "தண்ணி தேன் மாதிரி இனிக்குது சேர், என்ன பிழை இருக்கப்போகுது?" புளோரைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உங்கள் நாக்குக்கு உவர் தெரியும், காவி தெரியும். அதற்கு மேல் தெரியாது. அதனால்தான் இலங்கையில் எஸ்.எல்.எஸ். 614 என்று ஒரு குடிநீர்த் தரம் எழுதிவைத்திருக்கிறார்கள். 2013இல் திருத்திய அந்தத் தரத்தின்படி புளோரைட்டு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, நைத்திரேற்று 50ஐத் தாண்டக்கூடாது, 100 மில்லிலீற்றரில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலைக் கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் புளோரைட்டுக்கு 1.5 என்கிறது. கூடவே, அந்தந்த நாட்டுக்காரர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்த்து எல்லையை வையுங்கள் என்றும் சொல்கிறது. பங்குனி வெயிலில் வயலில் நிற்கும் மனிதர் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுக் குழாய்க்கிணற்றின் முடிவு எங்கள் எல்லையின் இரட்டிப்பைத் தாண்டியிருந்தது.

வவுனியாப் பக்கம் அடியில் கிடப்பது கருங்கல். ஆழத்தில் அந்தக் கல்லோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீரில் புளோரைட்டு ஏறிவிடும். ஆழம் குறைந்த கட்டுக்கிணற்றில் பெரும்பாலும் குறைவு, ஆனால் அதில் கிருமிக்கு வழி அதிகம். சிறுநீரக நோயைப் பற்றியும் கேட்பீர்கள். வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது, காரணம் இன்னும் முடிவாகவில்லை. தண்ணீர்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அது முடிவாகும்வரை எல்லை மீறிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கச் சொல்லவும் மாட்டேன்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழாயில் வரும் தண்ணீரை நீர் வழங்கல் சபை பரிசோதிக்கிறது, பவுசரில் வருவதில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று நாங்கள் பார்க்கிறோம். உங்கள் வளவுக் கிணற்றை யாரும் தானாக வந்து பார்ப்பதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். அந்தக் குளோரின் மணத்துக்காகப் பவுசர் தண்ணீரை மாட்டுக்கு ஊற்றிவிட்டுக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிப்பவர்களை என்ன சொல்வது! மணம் இருக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். வாளியில் ஊற்றி மூடாமல் அரை மணித்தியாலம் வைத்தால் மணம் குறையும்.

கழிவு நீருக்கும் எல்லை உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், ஆற்றிலோ குளத்திலோ விடும் கழிவு நீரை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எடுக்கும் ஒட்சிசன் லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நெல் ஊறவைத்து அவித்த தண்ணீர் இந்த எல்லையை எங்கோ தாண்டி நிற்கும். ஒரு நெல் ஆலையின் பின்பக்கம் மஞ்சள் நுரையோடு அது வாய்க்காலில் இறங்குவதைப் பார்த்தேன், ஓரத்தில் கெளிறு செத்து மிதந்தது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வந்துதான் இரணைமடுவை நிரப்புகிறது. மேலே விட்டதைக் கீழே யாரோ குடிக்கிறார்கள். இப்படிக் கண்டால் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதுங்கள். ஆலைக்காரர் சொந்தக்காரர் என்று பேசாமல் இருக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கிணற்றுத் தண்ணீரை வருடத்துக்கு ஒரு முறையாவது கொடுத்துப் பாருங்கள், வெள்ளம் ஏறினால் கட்டாயம். இரசாயனப் பரிசோதனைக்குக் கழுவிய சுத்தமான போத்தல் போதும். கிருமிப் பரிசோதனைக்குச் சோடாப் போத்தலில் கொண்டு வரவேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அதற்குக் கிருமி நீக்கிய போத்தல் வேண்டும், ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் போத்தலுக்குள் சோடியம் தயோசல்பேற்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று பொய் முடிவு தந்துவிடும். நாங்கள் வந்து எடுக்கிறோம், சொல்லிவிடுங்கள். மலசலகூடக் குழி கிணற்றுக்கு 50 அடிக்குள் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர், அதாவது இயந்திரத்தில் மென்சவ்வினூடாக வடித்த தண்ணீர், வாங்குகிறீர்களா, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். பாசி பிடித்த கானைக் கொடுத்து நிரப்பிவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். போத்தல் தண்ணீரில் சுகாதார அமைச்சின் பதிவிலக்கத்தைத் தேடுங்கள்.

அந்த வீட்டில் பதினான்கு மாதத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். நிலைத்த பற்களின் வெளிப்படையான மிளிரி உருவாவது முதல் எட்டு வயதுக்குள். அண்ணனின் முன்பற்களுக்கு இனி நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, இவளுக்கு இருக்கிறது. வீட்டுப் பின்புறம் மீள்குடியேற்ற காலத்தில் கட்டிய மழைநீர்த் தொட்டி நிற்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தேன், கோழித் தீன் மூட்டை. கூரைப் பீலி கழன்று வேலியோரம் கிடக்கிறது. மழைத் தண்ணீரில் புளோரைட்டு இல்லையென்றே சொல்லலாம். தொட்டியைக் கழுவி, முதல் இரண்டு மழையை வெளியே விட்டு, பிறகு பிடித்து, மூடி, கொதிக்க வைத்துப் பிள்ளைகள் இருவருக்கும் கொடுக்கச் சொன்னேன். அதுவரை பக்கத்து வளவுக் கட்டுக்கிணறு, அதைப் பரிசோதித்துவிட்டேன், எல்லைக்குள் இருக்கிறது. குழாய்க்கிணறு குளிக்க, தோய்க்க மட்டும்.

தாய் தலையாட்டினார். ஐப்பசி பிறக்க முன் போய்ப் பார்ப்பேன். பீலி அப்போதும் வேலியோரம் கிடந்தால் நானே ஏறிப் பூட்டிவிட்டு வருவேன்.