லேபிளில் 5 மி.கி., உள்ளே 3.8

தெர்மோகோல் பெட்டியைத் திறந்தால் ஜெல் பைகளுக்கு நடுவே சுண்டுவிரல் உயரத்தில் ஒரு குப்பி. அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். லேபிளில் 5 மி.கி. என்று போட்டிருக்கும். அந்த எண்ணை அப்படியே நோட்டில் ஏற்றுகிற இடத்திலேயே பல பெப்டைடு சோதனைகள் கோணலாகிவிடுகின்றன.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி. ஆக்ஸிடோசினில் 9, இன்சுலினில் 51. ஆய்வகத்துக்கு இது உறையவைத்து உலர்த்திய பொடியாக வரும். பொடி முழுக்கப் பெப்டைடு என்று நினைத்துவிடக் கூடாது. தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலமும் ஈரமும் எடையில் சேர்ந்திருக்கும். கூட வரும் சான்றிதழில் 'தூய்மை 95%', 'நிகர பெப்டைடு 80%' என்று இருந்தால் இரண்டும் ஒன்றல்ல. பின்னது, மொத்தப் பொடியில் பெப்டைடு எவ்வளவு என்கிறது. முன்னது, அந்தப் பெப்டைடில் நாம் கேட்ட சங்கிலி எவ்வளவு என்கிறது. மிச்சம் பெரும்பாலும் அரைகுறைச் சங்கிலிகள். 5 × 0.80 × 0.95 = 3.8 மி.கி. இதை 2 மி.லி.யில் கரைத்துவிட்டு '2.5 மி.கி./மி.லி.' என்று எழுதினால், உண்மையில் இருப்பது 1.9. சில நிறுவனங்கள் நிகர எடையையே லேபிளில் போடுகின்றன என்பதால், எந்த எடை என்று நோட்டில் ஒரு சொல் சேர்ப்பது கட்டாயம். தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு கண்ணி: மி.கி.க்கும் மை.கி.க்கும் நடுவே ஆயிரம் மடங்கு. நான் மைக்ரோகிராமைச் சுருக்குவதே இல்லை.

கரைத்ததை அலிக்வாட்டுகளாக, அதாவது ஒருமுறைக்கான சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைக்க வேண்டும். உருக்கி உறையவைத்து, மறுபடி உருக்கினால் பெப்டைடுகள் பலவும் சிதையும் அல்லது திரளும். எனவே ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் எண், எடுத்தவுடன் பட்டியலில் அந்த எண்ணின் மேல் ஒரு கோடு.

பெப்டைடு செலுத்திய பின் ரத்த மாதிரி எடுக்கும் அட்டவணையின் இடைவெளிகளை முடிவு செய்வது அரை ஆயுள். அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற பெப்டைடு ஹார்மோனுக்கு, மனித ரத்தத்தில் அது சுமார் 2 நிமிடம். அதன் சாயலில் செய்த நீரிழிவு மருந்தான செமாகுளூட்டைடுக்குச் சுமார் ஒரு வாரம். ஐந்து அரை ஆயுள் கழிந்தால் எஞ்சுவது 32இல் 1 பங்கு. முதலாவதற்கு அது பத்தே நிமிடம், இரண்டாவதற்கு ஐந்து வாரம். ஆகவே முன்னதன் அட்டவணையில் மணி, நிமிடம், ஏன் நொடிகூட வேண்டும். ஜிஎல்பி-1ஐ வெட்டும் டிபிபி-4 என்சைம் ஊசியில் எடுத்த ரத்தத்திலும் வேலையை நிறுத்தாது. அதனால் அந்த என்சைமுக்கான தடுப்பான் சேர்த்த குழாய் முன்கூட்டியே ஐஸில் காத்திருக்க வேண்டும்.

பின்னதற்கு நாள் கணக்கு போதும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாலை போட்ட நாளையே முதல் நாளாக வைத்து மண்டலம் எண்ணிப் பழகியவர்கள் நாம். ஆய்வகங்களிலோ முதல் டோஸ் போட்ட நாளைப் பெரும்பாலும் '0' என்பார்கள். ஒருமுறை நானும் உடன் வேலை பார்த்தவரும் ஆளுக்கொரு கணக்கில் எண்ணிவிட்டோம். ஃப்ரீசரைத் திறந்தால் 'நாள் 14' என்று இரண்டு குழாய்கள், ஒன்று திங்களன்று எடுத்தது, மற்றது செவ்வாயன்று. எது எந்த நாள் என்பது உறைபனியில் மசி கலைந்த லேபிளில் இல்லை.