ஃபேட்டி லிவர் இருக்கிறதா? சிறுநீரகத்தையும் பாருங்கள்

"டாக்டர், அம்மாவுக்கு ஃபேட்டி லிவர் முத்திப்போச்சா?"

பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுந்த, நடந்தால் தள்ளாடிய 68 வயது அம்மாவைக் கூட்டிவந்த மகள் கேட்டது. முத்தவில்லை. கால் எரிச்சலுக்குச் சாப்பிட்ட பிரிகாபலின் உடம்பிலேயே தங்கிவிட்டது. அந்த மருந்துக்குக் கல்லீரலில் வேலையே இல்லை. கிட்டத்தட்ட முழுவதும் அப்படியே சிறுநீரில்தான் போயாக வேண்டும். அம்மாவுக்கு ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்திருந்தது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக் அதை இன்னும் கெடுத்துவிட்டது.

இப்படி வருகிறவர்கள் கையில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கட்டுக் கட்டாக இருக்கும், லிவர் டானிக்கும் இருக்கும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்த சீட்டு ஒன்றுகூட இருக்காது.

"மருந்தையெல்லாம் லிவர்தானே வெளியேற்றுது?" எல்லாவற்றையும் இல்லை! சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், நரம்புவலிக்கான காபாபென்டின், பிரஷருக்கான அட்டினலால், இதயத்துக்கான டிகாக்ஸின் எல்லாம் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகப் போகிறவை. ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்போ மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கல்லீரலில் அழற்சி முற்றும்போது, மருந்தைச் சிறுநீருக்குள் தள்ளும் கடத்திப் புரதங்களே மாறிவிடுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

"கிரியாட்டினின் 1.2தான் டாக்டர், நார்மல்." இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. 25 வயது இளைஞருக்கு 1.2 என்றால் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் கணக்கு, சுமார் 86. அதே 1.2 அந்த அம்மாவுக்கு என்றால் சுமார் 49. கிரியாட்டினின் சதையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை வெளியேற்றும். வயதாகிச் சதை குறைந்தால் அதுவும் குறைவாகத்தான் ஊறும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) வந்து சதை கரைந்தவர்களுக்கு எண் இன்னும் அழகாகத் தெரியும், சிறுநீரகம் பாதி போயிருக்கும். தனி எண்ணைப் பார்க்காதீர்கள், இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். சதை கரைந்தவர்களுக்கு அதுவும் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம்.

அப்புறம், மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது கெடுப்பதில்லை. சிறுநீரகம் தளர்ந்தபின் அது உடம்பில் சேர்வதுதான் ஆபத்து. இ.ஜி.எஃப்.ஆர். 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்போம், 30க்குக் கீழே நிறுத்துவோம்.

வருடத்துக்கு ஒருமுறையாவது இ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீர் அல்புமின் இரண்டையும் பாருங்கள். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். வாந்தி, பேதி என்றால் மெட்ஃபார்மினையும் பிரஷர் மாத்திரையையும் தொடரலாமா என்று அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள். அவரிடம் போகும்போது, நாட்டு மருந்து உட்பட சாப்பிடுகிற எல்லாவற்றையும் தயவுசெய்து ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.